அன்னை கஸ்தூரிபாயும் அவர்தம் தலைமகனும்

நம் பங்கின் ஜூபிலி மலரில் பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெற வேண்டும் என்று விழாக் குழுவினர் விரும்பினர். புனிதர் ஒருவரைப் பற்றியே நாம் எழுதுவோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். புனித மோனிக்கம்மாளைப் பற்றி ஆண்டுதோறும் ஆகஸ்டு 27ஆம் நாள் மறையுரையில் கேட்டு வருகிறீர்கள். வழிதவறிய மகன் அகுஸ்தினாருக்காக அழுது மன்றாடி, 387ஆம் ஆண்டில் அவர் ஞானஸ்நானம் பெற்றதைக் கண்ணாரக் கண்டு, அதே ஆண்டிலேயே நிம்மதியாகக் கண்மூடியவர் அவர். அத்தகைய பேறு எல்லாத் தாய்மார்க்கும் வாய்த்துவிடுவதில்லை. வாய்க்காத தாய்மார் நம் பங்கிலும் உளர். பூசை முடிந்து எல்லாரும் வெளியே சென்ற பின்னும் மாதா பீடத்தின் முன் முழந்தாளிலேயே இருப்பவர்கள் அவர்கள். வளர்ந்து ஆளான மகன் குடியில் கிடக்கிறான் என்பதை வெளியே சொல்லவும் இயலாமல், சொல்லாமல் தாங்கவும் இயலாமல் தவிப்பவர்கள். அவர்களை மனத்திற்கொண்டே, இறுதிவரை மகன் திருந்தக் காணாத ஒரு தாயின் வரலாற்றை ஈண்டு எழுத முற்பட்டோம். அவர் கிறிஸ்தவர் அல்லர். நாடு முழுவதும் பா என்று, அதாவது அம்மா என்று, அழைத்து வணங்கிய கஸ்தூரிபாய் காந்தி அம்மையாரே அவர்.

கஸ்தூரிபாய் 1869ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் குஜராத்தின் போர்பந்தர் துறைமுக நகரில், கோகுல்தாஸ் மகன்ஜி என்னும் வணிகரின் மகளாகப் பிறந்தார். பள்ளிக்கூடம் சென்றறியாதவர். 13 வயதில், அதே ஊரைச் சேர்ந்த, ஏறத்தாழ ஒத்த வயதுடைய மோகன்தாசுக்கு மணம் முடிக்கப்பெற்றார். முதற் குழந்தை பிறந்த சில நாட்களில் இறந்து போயிற்று. ஆதலால் 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் பிறந்த ஹரிலாலே அவர் கையில் தங்கிய தலைச்சன் பிள்ளை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தபின் பிறக்கும் பிள்ளையை ஒரு தாய் எப்படி வளர்ப்பாள் என்பதை நம் தாய்மார்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஹரிலால் பிறந்து இரண்டு வாரங்கள்கூட ஆகாத நிலையில், செப்டம்பர் 4ஆம் நாள், தந்தை சட்டம் பயில இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1891இல் திரும்பி வந்தார். 1893இல் மீண்டும் தென்னாப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார். குடும்பத்தை அழைத்துச் செல்ல அவர் வந்தது 1896இல். ஆக, அந்தப் பையனின் முதல் எட்டு ஆண்டுகளில் தந்தை வீட்டில் இருந்த காலம் சொற்பமே. அரபு நாடுகளில் வேலை பார்த்து இரண்டாண்டுக்கு ஒரு முறை வந்து போகும் தந்தையரின் பிள்ளைகள் நம் ஊர்களில் உண்டு. அவர்களைக் காணுந்தோறும் இது நம் நினைவுக்கு வருகிறது. பிரிவு ஒன்றே பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. அதே தாயின் மற்ற மூன்று மக்களான மணிலாலும் ராமதாசும் தேவதாசும் நல்ல நிலையில் வாழ்ந்தனர். ஒரே வயிற்றில் பிறந்த நால்வரில் ஒருவர் மட்டும் ஏன் இப்படி ஆனார் என்று கேட்டால் விடை எளிதன்று.

தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. தாமே கற்பிக்க எண்ணினார். அதற்குரிய நேரமோ அவருக்கு வாய்க்கவில்லை. இதனால் பிள்ளைகளுக்கு, சிறப்பாக மூத்தவருக்கு, மனக்குறை இருந்தது என்பதைத் தம் வாழ்க்கை வரலாற்றிலேயே அவர் மறைக்காமல் எழுதியுள்ளார். 1906இல் ஹரிலால் ராஜ்கோட்டில் குலாப் என்னும் நங்கையை மணந்தார். வீட்டார் அவரைச் சஞ்சல் என்றழைத்தனர். இத்தனை இளவயதில் மணம் வேண்டாம் என்பது தந்தையின் கருத்து. பின்னர் ஹரிலால் தென்னாப்பிரிக்கா சென்று, 1908 முதல் தந்தையின் சத்தியாக்கிரகத்தில் பலமுறை சிறை புகுந்தார். உடன் சிறையிருந்தோரில் பெரும்பாலோர் தமிழர். துணிவோடு மீண்டும் மீண்டும் சிறை சென்ற அவரைச் சின்ன காந்தி என்றே மக்கள் அழைத்தனர். குடியால் அழிந்த ஒருவரைப் பற்றிப் பேசும்போது, அவர் குடிகாரராகவே பிறந்தார் என்பது போல் பேசிவிடுகிறோம். ஹரிலால் அப்படிப் பிறக்கவில்லை. 20 வயதில் அவர் ஒரு தாய் பெருமைப்படத்தக்க மகனாகவே இருந்தார்.

தந்தையைப் போல் தாமும் இங்கிலாந்து சென்று சட்டம் பயில வேண்டும் என்பது அவர் வேட்கை. அதற்கான உதவித்தொகை வந்தபோது காந்தியடிகள் அதைத் தம் மகனுக்குக் கொடாமல், தகுதியுடையோர் எனத் தாம் கருதிய வேறு இருவருக்கு ஒருவர் பின் ஒருவராகக் கொடுத்தார். பொதுப்பணத்தில் தன் மகனுக்குச் சலுகை கூடாது என்பது அவர்தம் நெறி. நெறி உயர்ந்ததே. எனினும் மகனின் நெஞ்சில் அது ஆறாத புண்ணாயிற்று. 1911இல் ஹரிலால் தந்தையை விட்டுப் பிரிந்து இந்தியா வந்து சேர்ந்தார். அகமதாபாத்தில் தம்மினும் மிக இளைய பிள்ளைகளுடன் அமர்ந்து பள்ளியிறுதித் தேர்வுக்குப் படித்தார். பலமுறை எழுதியும் தேறவில்லை. 1915இல் தம் குறைகளையெல்லாம் தொகுத்துத் தந்தைக்கு ஒரு நீண்ட மடல் எழுதி, அதனை அச்சிட்டும் வழங்கினார். கணவருக்கும் மகனுக்கும் நடுவே நின்ற கஸ்தூரிபாய் அன்று எத்தனை இரவுகள் உறங்காதிருந்தார் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

இடையில், 1913இல், அம்மையாரே சிறை சென்றார். கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்று தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்ததை எதிர்த்து நடந்த போராட்டம் அது. செப்டம்பரில் அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அதே மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் பின்னர் தமிழ்ப் பெண்களும் வந்து சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரே தில்லையாடி வள்ளியம்மை. சிறையில் கண்ட காய்ச்சலால் நலிந்து, விடுதலையான சில நாட்களில், 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், 16ஆம் வயதில் அச்சிறுமி உயிர் நீத்தார். சரியாக 30 ஆண்டுகள் கழித்து, அதே பிப்ரவரி 22ஆம் நாளில்தான் கஸ்தூரிபாயும் மறைந்தார்.

நிற்க. ஹரிலாலின் வாழ்வில் இடி விழுந்த ஆண்டு 1918. நம் நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை மாய்த்த விஷக்காய்ச்சலுக்கு அவர் மனைவி சஞ்சலும் இரையானார். ராமி, காந்திலால், ரசிக், மனு என்னும் நான்கு பிள்ளைகள் தாயற்றவராயினர். அப்பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பைப் பாட்டி கஸ்தூரிபாயும் சஞ்சலின் சகோதரியும் ஏற்றனர். ஹரிலாலோ தனிமரமானார். கல்கத்தாவில் வணிகம் செய்தார்; அது நொடித்தது. கடன் பெருகிற்று. மது அவரைப் பிடித்துக்கொண்டது. 1929இல் மகன் ரசிக் டில்லியில் இளவயதிலேயே நோயுற்று இறந்தபின், அவரைத் தடுத்து நிறுத்த எந்தக் கயிறும் இருந்ததாகத் தெரியவில்லை.

1925இல் நடந்த ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். ஹரிலாலின் பெயர் தொடர்புற்ற ஒரு வணிக நிறுவனத்தில், காந்தியின் மகன் என்ற நம்பிக்கையால் பணம் போட்ட ஒருவர் சார்பில் காந்தியடிகளுக்கு வழக்கறிஞரின் கடிதம் வந்தது. அதை அவர் மறைக்கவில்லை. தம் யங் இந்தியா இதழிலேயே வெளியிட்டு, வளர்ந்த மகனின் தொழிலுக்குத் தாம் பொறுப்பல்லர் என்பதையும், தம் பெயரை நம்பி எவரும் அவரிடம் பணம் கொடுக்கலாகாது என்பதையும் ஊரறியச் சொல்லிவிட்டார். இது கல்நெஞ்சம் என்று அன்றும் சிலர் எண்ணினர், இன்றும் எண்ணுவர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. இளமையில் மகனிடம் அவர் காட்டிய கண்டிப்பு அளவு மீறியது என்றே கருதுகிறோம். ஆனால் கடன் விஷயத்தில் அவர் செய்ததே சரி. நம் ஊர்களில் நடப்பதென்ன? மகன் குடித்து வாங்கிய கடனுக்குத் தாயின் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. அடுத்து முந்திரித் தோப்பு ஒத்திக்குப் போகிறது. கடன் தீர்ந்த அன்றே மகனுக்குப் புதுக்கடன் வாங்க வழி பிறக்கிறது. குடித்ததன் விளைவைக் குடித்தவன் உணராதபடி பெற்றோர் நடுவில் நின்று தாங்கிக்கொண்டே இருந்தால், அவன் நிறுத்துவதற்கு என்ன காரணம் எஞ்சும்?

அக்காலத்தில் நாடெங்கும் மதுவிலக்கு முழக்கம் எழுந்திருந்தது. 1921இல் ஈரோட்டில் ஈ.வெ. ராமசாமியாரின் துணைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் முன்னின்றனர். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது மதுக்கடை மறியலைப் பெண்களிடமே ஒப்படைத்தார் காந்தியடிகள். கஸ்தூரிபாயும் குஜராத்துக் கிராமங்களில் அப்பணியில் ஈடுபட்டார். ஊரார் பிள்ளைகளைக் குடியிலிருந்து மீட்க வெயிலில் நின்ற அந்தத் தாயின் சொந்தப் பிள்ளை, வேறேதோ ஊரின் மதுக்கடையில் அமர்ந்திருந்தார். முதலில் உன் பிள்ளையைத் திருத்து என்று சொல்ல எத்தனை நாவுகள் துடித்திருக்கும்! வின்சென்ட் தே பவுல் சபையிலோ மரியாயின் சேனையிலோ உழைக்கும் பெற்றோர் சிலர், தம் மகன் குடிக்கிறான் என்பதற்காக வெட்கி ஒதுங்கிவிடுவதை நாம் அறிவோம். கஸ்தூரிபாய் ஒதுங்கவில்லை.

1936ஆம் ஆண்டு மே மாதம் ஹரிலால் பம்பாயில் இஸ்லாம் மதத்தைத் தழுவி, அப்துல்லா என்று பெயர் மாற்றிக்கொண்டதாகச் செய்தி வந்தது. உள்ளம் தெளிந்து ஒரு சமயத்தை ஏற்றிருந்தால் தமக்கு மறுப்பில்லை, இங்கோ குடியும் பணமுடையுமே காரணம் என அஞ்சுவதாகக் காந்தியடிகள் எழுதினார். தாயின் எண்ணம் இன்னும் எளியது. மகன் மதம் மாறியதில் முதலில் மனம் நொந்தாலும், நல்ல வழியில் நடக்க அவர் முடிவு செய்திருப்பதாகக் கேட்டு, இனியேனும் குடியை விடுவார் என்று உள்ளூர மகிழ்ந்தாராம். எந்தச் சமயத்துக் கடவுளாயினும் தன் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தால் போதும் என்னும் நிலைக்கு வந்துவிட்ட தாயுள்ளம் அது.

அந்த நம்பிக்கையும் நிலைக்கவில்லை. அது முறிந்த இடம் நம் சென்னை நகரம். அதே 1936இல், நள்ளிரவில் சென்னைத் தெருவில் குடிபோதையில் முறைகேடாக நடந்துகொண்டார் என்று காவலர் அவரைப் பிடித்துச் சென்றனர். மறுநாள் நீதிபதிகள் முன் நிறுத்தப்பட்டார். அபராதம் ஒரு ரூபாய். செய்தி இதழ்களில் வந்தது. வட இந்தியாவில் இருந்த கஸ்தூரிபாய்க்கு அது படித்துக் காட்டப்பட்டது.

அதுவரை பொதுமேடையில் தம் வீட்டுத் துயரைப் பேசாத அம்மையார், அதிகம் எழுதப் படிக்க அறியாத அம்மையார், மகனுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதுவித்தார். இதழ்களில் அது வெளிவந்தது. அக்கடிதத்தை நாம் படித்தபோது வியந்தது ஒன்றுண்டு: அதில் சாபம் இல்லை. ஒரு ரூபாயோடு விட்ட நீதிபதிகள் நல்லவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார். தந்தைக்கு மகன் இழைக்கும் வேதனையைச் சொல்கிறார். வயதான காலத்தில் தாமும் பழகியோர் முகத்தில் விழிக்கக் கூசுவதைச் சொல்கிறார். தந்தை மன்னிப்பார், ஆண்டவன் என்ன செய்வானோ என்று அஞ்சுகிறார். மகனுக்குத் துணைபோகும் நண்பர்களையும் அவர் விடவில்லை; என் மகனைக் கொண்டு உங்கள் சமயத்துக்கு என்ன பெருமை சேரும் என்ற பொருளில், மதம் மாற்றியோரையும் மரியாதையோடு கேட்கிறார். உண்மை முழுவதும் அதில் உண்டு. ஆயினும் நீ என் மகன் அல்லன் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அவ்வாண்டு முடியுமுன் ஹரிலால் மீண்டும் இந்து சமயத்துக்குத் திரும்பினார். குடி மட்டும் எங்கும் திரும்பவில்லை.

இங்கே ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்லலாம். கஸ்தூரிபாயின் கடைசி மகன் தேவதாசுக்கும் நம் ராஜாஜியின் மகள் லட்சுமிக்கும் 1933இல் திருமணம் நடந்தது. அந்த ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகி, 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் தம் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். சம்பந்தி வீட்டுத் துயரை அவர் அறியாதவரல்லர். 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில் அடங்கிய ஊர்கள். 1971இல் விலக்கு நீங்கிற்று. 1974இல் திரும்பி வந்தது. 1981இல் மறுபடி கடைகள் திறந்தன. 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. சட்டம் இப்படி வந்தும் போயும் இருக்க, சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் பிள்ளையும் சோளக்கொல்லைக்காரர் பிள்ளையும் வீட்டுக்கு வரும் வழியில் அந்தக் கடை இருக்கிறது. சட்டத்தைப் பற்றிய விவாதம் பெரியோர் நடத்தட்டும். வீட்டுக்குள் வந்துவிட்ட நோயை என் செய்வது என்பதே தாயின் கேள்வி.

நோய் என்ற சொல்லை அறிந்தே எழுதினோம். கஸ்தூரிபாயின் காலத்தில் குடி ஒழுக்கக்கேடாக மட்டுமே எண்ணப்பட்டது. அவருடைய வீட்டில் அறிவுரை இருந்தது, கண்ணீர் இருந்தது, நோன்பு இருந்தது, மருத்துவம் இல்லை. அவர் குறையன்று, அன்று அது நம் நாட்டில் கிடைக்கவில்லை. இன்று குடிப்பழக்கம் முற்றியவர் நோயாளர் என்பது உலக மருத்துவர் ஒப்புக்கொண்ட உண்மை. தமிழ்நாட்டிலேயே, கணவர் ரங்கநாதனை 1979இல் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், மறு ஆண்டே அவர் பெயரால் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை எத்தனையோ குடும்பங்களை மீட்டிருக்கிறது. அவ்வளவு தூரம் போக இயலாதோர்க்கு, அரியலூரில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனையும் உண்டு. அங்கே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்க வெட்கப்படாதீர்கள். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும்; உயிருக்கே ஆபத்து நேரலாம். அறைக்குள் வைத்துப் பூட்டித் திருத்திவிடலாம் என எண்ணும் தந்தையர் இதை அறிந்திருப்பது நலம்.

வேறு சில வழக்கங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். குடியை மறக்கடிக்கும் பொடி என்று எங்கோ வாங்கி வந்து, மகனுக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கும் தாய்மார் உண்டு. அவற்றுள் சில, மதுவோடு சேர்ந்தால் நெஞ்சை நிறுத்திவிடத்தக்க மருந்துகள். மருத்துவர் கண்காணிப்பில், நோயாளி அறிந்து உட்கொள்ள வேண்டியதை ஒளித்துக் கொடுப்பது பெருந்தவறு. இன்னொன்று, வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகச் செல்லும் விரதம். காவியுடுத்திப் புறப்பட்ட நாள் முதல் ஒரு சொட்டும் தொடாத பிள்ளைகள், கொடியிறக்கம் முடிந்து ஊர் திரும்பிய மாலையே கடைக்குப் போவதைப் பார்க்கிறோம். விரதத்தைக் குறை கூறோம். பத்து நாள் நிறுத்த முடிந்தவனுக்கு நிறுத்தும் ஆசை இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அந்தப் பத்தாம் நாளிலேயே அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்கிறோம். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா முன் சத்தியம் செய்வித்தாலும் அப்படியே. வீரமாமுனிவர் எழுப்பிய அந்த ஆலயத்தில் மன்றாடிவிட்டு மருத்துவமனைக்குப் போவது விசுவாசக் குறைவு ஆகாது.

கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான் என்பது மூன்றாவது. குடிக்கும் மகனுக்குப் பெண் தேடி, பெண் வீட்டாரிடம் மறைத்து, கல்யாண ஓலை வாசிக்க நம்மிடம் வருகிறார்கள். வேறொருவர் வீட்டு மகள் உங்கள் மகனுக்கு மருந்து அல்லள். ஹரிலால் மனைவியை இழந்தபின் மறுமணம் செய்துகொள்ள விரும்பியபோது பெற்றோர் அதற்கு உடன்படவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

பேரப்பிள்ளைகள் வகையில் கஸ்தூரிபாய் செய்தது நம் பாட்டிமார்க்கு ஆறுதல் தரும். மகனை அவரால் காப்பாற்ற இயலவில்லை. மகன் பெற்ற மக்களை அவர் விட்டுவிடவில்லை. அவர் அரவணைப்பில் வளர்ந்த காந்திலால் பின்னாளில் மருத்துவம் பயின்று மருத்துவரானார். தகப்பன் குடிக்கும் வீட்டுப் பிள்ளை இரவில் படிக்க ஓர் இடமும் பயமின்றி உறங்க ஒரு பாயும் கொடுக்கும் பாட்டி, தான் தோற்றுவிட்டதாக எண்ணலாகாது. பெற்றோர்க்கும் துணை வேண்டும். குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணை நிற்க அமெரிக்காவில் 1935இல் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. குழுக்கள் இன்று தமிழிலும் கூடுகின்றன. அவர்தம் குடும்பத்தாருக்கென 1951இல் தோன்றிய அல்-அனான் என்னும் அமைப்பில், மகன் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் தாய் தன் மன அமைதியை மீட்டுக்கொள்ள வழி காட்டுகிறார்கள்.

இனி, கட்னி ரயில் நிலையத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். காந்தியடிகளும் கஸ்தூரிபாயும் சென்ற ரயில் மத்திய இந்தியாவின் அந்நிலையத்தில் நின்றது. கூட்டம் வழக்கம்போல் மகாத்மாவுக்கு வாழ்த்து முழங்கியது. அதனிடையே ஒரே ஒரு குரல் மட்டும் அன்னை கஸ்தூரிபாய்க்கு வாழ்த்துக் கூறியது. அம்மையார் எட்டிப் பார்த்தார். கந்தல் உடையும் பல் விழுந்த வாயுமாக நின்றவர் அவர் பெற்ற தலைமகன். ஹரிலால் சட்டைப்பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்துத் தாயிடம் நீட்டினார். எனக்கு ஒன்றும் இல்லையா என்று தந்தை கேட்க, இது அம்மாவுக்கு மட்டுமே என்று மறுத்துவிட்டு, உங்கள் பெருமையெல்லாம் அம்மாவால் வந்தது என்பதையும் சொல்லிவிட்டார். தாமே உண்ண வேண்டும், வேறு யாருக்கும் தரக்கூடாது என்று தாயிடம் உறுதியும் பெற்றுக்கொண்டார். எங்களோடு வந்துவிடு என்று தாய் அழைத்தார். தாம் இனி வெகுதூரம் போய்விட்டதாக மகன் கண் கலங்கினார். வண்டி நகர்ந்தபோதுதான், பசியோடு நிற்கும் பிள்ளைக்குத் தாம் ஒன்றும் கொடுக்கவில்லையே என்று கூடையிலிருந்த பழங்களை அள்ளினார் அம்மையார். அதற்குள் ரயில் நிலையத்தைக் கடந்துவிட்டது. நெடுந்தூரம் வரை அந்த ஒற்றைக் குரல் அவர் பெயரைச் சொல்லி வாழ்த்திக்கொண்டிருந்தது.

நற்செய்தியில் வரும் ஊதாரி மைந்தனின் தந்தை, தூரத்தில் வரும்போதே மகனைக் கண்டு ஓடினார். ஓடி வந்து அழைத்தும் வராத மகனைப் பற்றி அந்த உவமை பேசவில்லை. அப்படிப்பட்ட மகனின் தாய், வாசலில் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். அவன் கடைசியில் தேடி வருவது அந்த வாசலைத்தான் என்பதற்குக் கட்னியில் நீட்டிய பழம் சாட்சி.

1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது காந்தியடிகள் கைதான அன்றே கஸ்தூரிபாயும் கைதானார். புனாவில் ஆகா கான் மாளிகையே அவர்களுக்குச் சிறையாயிற்று. அங்கே இதய நோயும் மூச்சுத்திணறலும் அம்மையாரை வாட்டின. 1944 தொடக்கத்தில் தம் முடிவு நெருங்குவதை உணர்ந்த அவர், ஹரிலாலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். எங்கெங்கோ தேடி ஒருநாள் அழைத்து வந்தனர். தாய் பூரித்துப் போனார். அவருக்கு ஒரே ஒரு முறைதான் அனுமதி என்று சிறை அதிகாரிகள் சொன்னதை அறிந்ததும் அம்மையாருக்குச் சினம் மூண்டது. தேவதாஸ் நாள்தோறும் வரலாம், ஏழையாகிவிட்ட மூத்தவன் வரக்கூடாதா, ஒரு தாயின் இரு மக்களிடையே என்ன வேற்றுமை என்று அவர் வாதாடினார். வாழ்நாள் முழுதும் அவர் தலைமகனுக்காக நடத்திய வழக்கின் கடைசி வாதம் அதுவே எனலாம். அரசு இணங்கிற்று. அனுமதி கிடைத்தபோது ஹரிலாலைக் காணவில்லை.

மீண்டும் அவரைக் கண்டுபிடித்து அழைத்து வந்தது பிப்ரவரி 21ஆம் நாள். அன்று அவர் குடித்திருந்தார். கட்டிலில் கிடந்த தாய் அந்தக் கோலத்தைக் கண்டு, இரு கைகளாலும் தம் நெற்றியில் அறைந்துகொண்டு அழுதார். உடனிருந்தோர் ஹரிலாலை அப்பால் அழைத்துச் சென்றனர். மறுநாள் மாலை, கணவரின் மடியில் தலைவைத்து, கஸ்தூரிபாய் அம்மையார் உயிர் துறந்தார். அவருக்கு வயது 74. சிதைக்குத் தீ மூட்டியவர் தேவதாஸ்.

அவர் நினைவாக நாட்டு மக்கள் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் திரட்டிக் கொடுத்தனர். கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பணி செய்ய, கஸ்தூரிபா காந்தி தேசிய நினைவு அறக்கட்டளை அதனால் உருவாயிற்று. நம் தமிழகத்தில் காந்திகிராமத்து மருத்துவமனையும் சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள அரசு மகப்பேறு மருத்துவமனையும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

ஹரிலால் காசநோயால் நலிந்து, தந்தை சுட்டுக்கொல்லப்பட்டு ஐந்து மாதங்கள் முடியுமுன், 1948ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் பம்பாயில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 59. அவரைத் தேடி ஆளனுப்பிக்கொண்டே இருந்த தாய் மறைந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.